ஃப்ரீ மோஷன் குயில்டிங்: கை பழகிய கதை

நடுவே பஞ்சு வைத்த துணி அடுக்கைக் கையாலேயே நகர்த்தி, தையல் இயந்திரத்தில் விரும்பிய வடிவில் தைப்பதே ஃப்ரீ மோஷன் குயில்டிங். அதைப் பழகியவர்கள் எழுதிய அனுபவங்கள் இவை.

இயந்திரத்தில் துணியை நகர்த்தும் பற்களை இறக்கிவிட்டு, துணியை அழுத்திப் பிடிக்காத டார்னிங் ஃபுட்டை மாட்டியதும் எனக்கு நெஞ்சு படபடத்தது. இனி தையலின் நீளம் கையின் பொறுப்பு. பயத்தில் பெடலை மெல்ல அழுத்தினேன். கைகளோ பதற்றத்தில் விரைந்தன. நேர்கோடுகள் எப்படியோ தேறிவிட்டன. வளைவுகளில் மட்டும் கால் விரல் மாட்டிக்கொள்ளும் அளவுக்குத் தையல் நீண்டது. திருப்பிப் பார்த்தால், ஒவ்வொரு வளைவின் பின்புறமும் மேல்நூல் சிறு வளையங்களாக இழுபட்டு, இமைமயிர் வரிசை போல நின்றது.

நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகைத் திருப்பித் திருப்பியே இரண்டு நாள் போயிற்று. மேல்நூலை இறுக்கியதில் சற்றுக் குறைந்தது, தீரவில்லை. வளைவு வந்ததும் கையை வீசித் திருப்பும் பழக்கமே காரணம் என்று பிறகுதான் பிடிபட்டது. அதன்பின் பெடலை நடுத்தர வேகத்தில் நிறுத்தி, இயந்திரத்தின் ஓசை ஒரே சுருதியில் ஒலிக்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே தைத்தேன். கண் ஊசியின் மேல் இல்லை. அடுத்து போகவேண்டிய இடத்தின் மேல்.

இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்த 10 அங்குலச் சதுரங்கள்தாம் என் பயிற்சிப் பலகை. துணிக்கு மாறான நிறத்தில் நூல் போட்டேன். பிழை ஒளியக் கூடாது அல்லவா? தினமும் 15 நிமிடம். அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல் என்ற கணக்குக்குள் வந்தபோது அந்தச் சதுரங்கள் ஓர் அடுக்காகச் சேர்ந்திருந்தன. பேனாவை எடுக்காமல், கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் தாளில் வரைந்து பார்த்ததும் பெரிய துணை. வடிவம் மனத்தில் பதிந்துவிட்டால் கை தயங்குவதில்லை.

*

மேலே எழுதிய சகோதரி சொன்ன டென்ஷன் தொல்லையில் இன்னொரு வகையும் உண்டு. டார்னிங் ஃபுட் இறக்கிய பிறகும் துணியை ஒட்டினாற்போல் மிதந்தே நிற்பதால், ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று தெரியாது. இறக்காமலே தைத்துவிட்டேன். அப்போது மேல்நூலுக்குப் பிடிமானமே இருக்காது. அடியில் குருவிக்கூடு போல நூல் சுருண்டு அடிநூல் சுற்றிய பாபினையே அடைத்துவிட்டது. இப்போது தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு தையல் போட்டு, அடிநூலை மேலே இழுத்து, இரண்டு நுனிகளையும் பிடித்துக்கொண்டுதான் பெடலில் கால் வைக்கிறேன்.

*

சிறு சதுரத்தில் அழகாக வந்த கை, முழு விரிப்பில் தடுமாறியது. மேசை விளிம்பில் தொங்கிய பகுதியின் கனம் ஊசிக்கு எதிராக இழுத்ததே காரணம். இடப்பக்கம் இன்னொரு மேசையைச் சேர்த்துப் போட்டு, விரிப்பு முழுவதையும் மேலே குவித்து வைத்தேன். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்தபோது ஒரு சுருக்கம்கூட விழவில்லை.