வேலுத்தம்பியின் கிளர்ச்சி உரிமைப் போராட்டமா?

கல்குளம் வாசகர்:
ஆட்சியாளர்மேல் வந்த வெறுப்பு உரிமைக் கோரிக்கையாக மாறுவதைப் பற்றிப் பள்ளி மன்றத்தில் பேச வேண்டும். 1799-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் தலக்குளம் வேலுத்தம்பி ஆள் திரட்டித் திருவனந்தபுரம் போனதையும், நாடார் பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தையும் ஒரே வரிசையில் வைக்கலாமா?

நாஞ்சிலான்:
வைக்காதீங்க அண்ணாச்சி. 1799-ல் பிரச்சினை அரசின் கட்டாய வசூல். வேலுத்தம்பியிடமே 3,000 ரூபாய் கேட்டார்கள்; மூன்று நாள் தவணை வாங்கி வந்து மக்களைத் திரட்டினார். கேட்டது என்ன? ராஜாவின் மந்திரிகள் ஜெயந்தன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மாத்து தரகன் மூவரையும் விலக்கித் தண்டிக்கணும், உப்பு வரியை எடுக்கணும். அந்த மூவரும் பதவியிலிருந்து போனார்கள், ஆளும் முறை அப்படியே இருந்தது. வேலுத்தம்பியே தளவாய் (தலைமை மந்திரி) ஆனபின், 1804-ல் படைவீரர்களின் படியைக் குறைத்ததற்காக நாயர் படை அவருக்கு எதிராகவே கிளம்பியது.

சாமித்தோப்புப் பக்கம்:
தோள்சீலையில்தான் உரிமை என்ற பேச்சு வருகிறது. மூன்று உத்தரவுகளையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டுங்கள், பிள்ளைகளுக்கே புரியும். 1814-ல் கிறிஸ்தவ நாடார் பெண்கள் குப்பாயம் (ரவிக்கை போன்ற சட்டை) போடலாம் என்றார்கள். மதம் மாறாதவருக்கு அதுவும் இல்லை. சலுகையாகக் கொடுத்தால் இப்படித்தான் பாதியில் நிற்கும். பெண்கள் குப்பாயத்தோடு நிற்காமல் மேல்சாதிப் பெண்களைப் போல மேல்முண்டும் (தோள்மேல் போடும் துணி) போட்டார்கள், அடிதடி வந்தது. 1829 உத்தரவு மேல்முண்டைத் தடுத்தது. மறுபடி கலவரம், சென்னை ஆளுநர் டிரெவிலியனின் நெருக்குதல், பிறகுதான் 1859 ஜூலை 26 உத்தரவு. எந்த மதத்து நாடார் பெண்ணும் மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது! அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டு "1859-ல் வெற்றி" என்று முடிப்பது பெரிய தப்பு. இடைப்பட்ட காலத்தில் அய்யா வழியைத் தொடங்கிய வைகுண்டர் அரசின் அனுமதிக்குக் காத்திராமல், ஒடுக்கப்பட்டோருக்கு மறுக்கப்பட்டிருந்த தலைப்பாகையைக் கட்டி வழிபடச் சொன்னதையும் சேருங்கள்.

விளவங்கோடு:
1954-ல் நடந்த எல்லைப் போராட்டத்தை விட்டுராதீங்க. அங்கே கோரிக்கையே வேறு மாதிரி: நல்ல ராஜா வேண்டாம், நல்ல மந்திரியும் வேண்டாம், திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துத் தமிழ்த் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரணும். நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தேர்தலில் நின்று சட்டசபைக்குள்ளும் அதைக் கேட்டது. ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராடியவர்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் வந்தன. கேட்டிருந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் வரவில்லை.

கல்குளம் வாசகர்:
சரி, அப்போ 1799-ஐ முன்னுரையாக மட்டும் வைத்து, மூன்று உத்தரவுகளுக்குப் பாதி நேரம் ஒதுக்குகிறேன்.