சொந்த வீடு, கார் எல்லாம் இருந்தும் அந்த அதிகாரி ஏன் இன்னும் லஞ்சத்துக்குக் கை நீட்டுகிறார்?

பகோ மகள்:

நாங்கள் மியான்மரில் பகோ ஊரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது. போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதில் எங்கள் குடும்பப் பட்டியல் (வீட்டில் இருப்பவர்களைப் பதிந்த அரசுத் தாள்) ஊறிக் கிழிந்துபோயிற்று. புதிதாக எடுக்க இன்று மூன்றாவது தடவையாக அரசு அலுவலகத்துக்கு அலைந்தோம். முதல் தடவை வார்டு தலைவர் கடிதத்தில் தேதி சரியில்லை என்றார்கள். அடுத்த தடவை பெரிய அதிகாரி வரவில்லை என்றார்கள். இன்று அந்த அதிகாரி தாள்களைப் பார்க்கவே இல்லை. மேசை இழுப்பறையை ஒரு சாண் இழுத்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா 40,000 கியாட்டை மடித்து உள்ளே போட்டார். கால் மணி நேரத்தில் முத்திரை விழுந்தது.

வெளியே வந்த பிறகு அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கமான கடையில் டீ வாங்கி வைத்தேன். ஏடு படிந்து ஆறிப்போனது, தொடவே இல்லை.

அந்த மனிதருக்குச் சொந்த வீடும் காரும் இருப்பது ஊருக்கே தெரியும். போதும், நிறுத்திவிடலாம் என்று ஒரு நாள்கூடவா தோன்றாது? அடுத்து என் தம்பிக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டும். அதுவும் அதே மேசைதான்.

தாட்டோன் கடைக்காரர்:

தேன் எடுத்தவன் புறங்கையை நக்கத்தானே செய்வான், தங்கச்சி. சம்பளத்தையும் பார்க்க வேண்டும். 2015இல் உயர்த்திய பிறகுகூட கடைநிலை ஊழியருக்கு மாதம் 1,20,000 கியாட்தான் கிடைத்தது. அதை வைத்து யார் குடும்பம் நடத்துவது? பர்மாக்காரர்கள் ‘லப்பெயே போ’, டீக்காசு என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்.

பேயர் தெரு டைப்பிஸ்ட்:

நான் 26 வருடம் ரங்கூனில் பான்சோடான் தெரு ஓரத்தில் டைப்ரைட்டர் வைத்து மனு அடித்தவன். எங்கள் அப்பா காலத்தில் அது பேயர் தெரு.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன், அம்மா. நோட்டை நீளவாக்கில் மடித்து இரண்டாம் தாளுக்கும் மூன்றாம் தாளுக்கும் நடுவில் எப்படி வைப்பது என்று எத்தனையோ பேருக்கு நானே காட்டிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் அப்பா மாதிரி பெரியவர்கள் என் முன்னால் கை நடுங்க நின்றிருக்கிறார்கள். இன்றும் நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

கடைக்காரத் தம்பி சொன்ன தேன் கதையை நான் ஒப்பமாட்டேன். சம்பளம் போதாதவர் வீடு, கார் வந்ததும் நிறுத்தியிருக்க வேண்டுமே? இழுப்பறையில் விழுந்த பணம் அவர் ஒருவருடையது இல்லை. நான் போய்வந்த ஓர் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் காபி மிக்ஸ் டப்பாவிலிருந்து எடுத்துப் பிரிப்பார்கள். பெரிய அதிகாரிக்கு, பக்கத்து மேசைக்கு, டீ வாங்கி வரும் பையனுக்குக்கூட ஒரு பங்கு. அந்த அலுவலகத்துக்கு மாற்றல் வாங்கவே சிலர் கடன்பட்டுக் கொடுத்திருப்பார்கள்.

அங்கே ஓர் எழுத்தர் அம்மா இருந்தார். வாஸோ மாதப் பௌர்ணமியிலிருந்து பௌத்தர்களின் விரத காலம் மூன்று மாதமும் கை நீட்டுவதில்லை என்று உறுதி எடுத்தார். முதல் வாரம் எல்லோரும் ‘தாது, தாது’ (நல்லது, நல்லது) என்று வாழ்த்தினார்கள். இரண்டாம் வாரம் டீக்காரப் பையன் அவர் மேசையில் மட்டும் கோப்பை வைக்கவில்லை. அப்புறம் அவர் அனுப்பிய கோப்புகள் கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்தன. வாங்காதவர் எங்கே வாயைத் திறந்துவிடுவாரோ என்ற பயம் மற்றவர்களுக்கு. விரதம் முடியும் தடிஞ்யுட் பண்டிகைக்கு விளக்கு ஏற்றுவதற்குள் மலைப்பக்கம் மாற்றல் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவார்? வேலையை விட்டுவிட்டு மொஹிங்கா (மீன் சாறு ஊற்றிய நூடுல்ஸ்) கடை போட்டார். அவர் நாற்காலிக்கு வந்தவர் முதல் நாளே இந்தக் கதையைக் கேட்டுவிட்டார்.

இங்கே இருக்கும் தமிழர்களான நம்மவர்களுக்கு இன்னொரு பாரமும் உண்டு. 1982 குடியுரிமைச் சட்டம் குடிமக்களை மூன்று வகையாகப் பிரித்து இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று அட்டை வைத்திருக்கிறது. தாத்தா பாட்டி காலத்துக் காகிதம் கேட்பதா விடுவதா என்பது மேசைக்காரர் மனசு. நம் முகத்தைப் பார்த்ததும் தொகை ஏறுவதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

மௌலமைன் தம்பி:

சட்டம் இருக்கிறதே ஐயா? 2013 ஊழல் ஒழிப்புச் சட்டத்தில் அதிகாரிக்கு 10 வருடம் வரை சிறை, அரசியல் பதவியில் இருப்பவருக்கு 15. தனிந்தாயி முதலமைச்சராக இருந்தவருக்கே 2020இல் 30 வருடம் கொடுத்தார்கள். அதற்கும் பயமில்லையா?

பேயர் தெரு டைப்பிஸ்ட்:

பயம் இருக்கும், தம்பி. ஆனால் அந்தச் செய்தியை அவர் ஒரு நாள் படிக்கிறார், பக்கத்து மேசைக்காரர் வாங்குவதைத் தினமும் பார்க்கிறார். 2016இல் அதிகாரிகள் வாங்கும் அன்பளிப்புக்கு 3,00,000 கியாட்டாக இருந்த வரம்பை 25,000ஆகக் குறைத்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கொஞ்ச நாளில் ஓர் எழுத்தர் என்னிடம், ‘இருபத்தைந்தாயிரத்துக்குள் என்றால் குற்றமில்லை, அதையே சொல்லி அனுப்புங்கள்’ என்றார். ஊழல் குறைந்தால் மதிப்பெண் கூடும் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் பட்டியலில் நம் நாட்டுக்கு 2020இல் நூற்றுக்கு 28 மதிப்பெண், 2023இல் 20.

நம் பக்கமும் சொல்ல வேண்டும். கேட்கும் முன்பே கொடுத்துவிடுகிறோம். பர்மியரிடம் ‘ஆனாடே’ என்று ஒன்று உண்டே, எதிரே இருப்பவரைச் சங்கடப்படுத்தக் கூசுவது. அது நமக்கும் ஒட்டிக்கொண்டது. தனியாகப் போனால் கூச்சம் ஜெயித்துவிடும். ஒரு தடவை எங்கள் கோயில் தெருவிலிருந்து பத்துக் குடும்பம் ஒரே நாளில், காகிதமெல்லாம் சரியாக வைத்துக்கொண்டு வரிசையில் நின்றோம். யாரும் நோட்டு மடிக்கவில்லை. இழுப்பறை திறந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை. சாயங்காலம் ஆனது, ஆனால் ஏழு குடும்பத்துக்கு வெறும் கட்டணத்தோடு வேலை முடிந்தது. மற்ற மூன்று குடும்பங்களை இன்னும் இரண்டு தடவை வரவைத்தார்கள். கூடவே போனோம்.

பகோ மகள்:

எங்கள் தெருவில் இன்னும் நான்கு வீட்டில் அட்டை எடுக்க வேண்டியிருக்கிறது. இன்று ராத்திரியே கேட்கிறேன். அந்த 1982 சட்டத்துக்கு முந்தைய, தாத்தாவின் மூன்று மடிப்பு பழைய பச்சை அட்டை இருக்கிறது ஐயா. ஒரு மடிப்பைக் கரையான் அரித்துவிட்டது, எண் மட்டும் தெரிகிறது.

பேயர் தெரு டைப்பிஸ்ட்:

எண் தெரிந்தால் பழைய பதிவேட்டோடு ஒப்பிடச் சொல்லிக் கேட்கலாம். இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அசலைக் காட்டலாம், கையில் விட்டுவிட்டு மட்டும் வராதீர்கள். நாளைக் குறித்துச் சொல்லுங்கள் அம்மா, காலை ரயிலில் நானும் வந்து வரிசையில் நிற்கிறேன்.