புதுப்பிப்பு: எதிர்வீட்டுப் பையனின் சிகிச்சை

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் எதிர்வீட்டுப் பையனுக்கு ரத்தப் புற்றுநோய்; அந்தக் குடும்பத்துக்கு எப்படித் துணைநிற்பது என்று முன்பு கேட்டிருந்தேன். முதற்கட்டக் கீமோதெரபி முடிந்து, எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் நோய் கட்டுக்குள் வந்திருக்கிறது. ஆனாலும் இந்த வகை ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும்.

“என்ன வேண்டும் என்று கேட்காமல் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் பெரிதும் உதவியது. அவன் தங்கையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது என் பொறுப்பு. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதற்குத் தெருமுனை ஆட்டோக்கார அண்ணன் இருக்கிறார். வாயெல்லாம் புண் என்பதால், குழைய வடித்த சோற்றில் காரமில்லாத பருப்பு ரசம் ஊற்றி, ஆறவைத்துத்தான் கொடுக்கிறார் அவன் அம்மா.

பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே “முடியெல்லாம் போய்விட்டதே” என்று அழுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. “அத்தை, அவர்களைப் போகச் சொல்லுங்கள்” என்றான் என்னிடம். இப்போது போனில் கணக்குப் பாடம் சொல்லித்தரும் நண்பனுக்காகத்தான் காத்திருக்கிறான்.

அவனுக்கு ஏற்றும் பிளேட்லெட்டை (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை) ஐந்து நாட்களுக்கு மேல் சேமிக்க முடியாது. அதனால் கொடையாளர்கள் முறைவைத்து வர வேண்டும். சென்னையில் இருப்பவர்கள், கொடுக்க முடிந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.