வெளிச் சமையலறை: மூன்று கொட்டேஷனை எப்படி ஒப்பிடுவது?

கரும்புக்காடு:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் இசிப்பிங்கோவில் இருக்கிறோம். ஈஸ்டர் சமயம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு உறவினர்கள் எல்லாரும் வந்து இறங்குவார்கள், உள்ளே சமைத்து மாளவில்லை. அதனால் பின்பக்கம் கூரை, மேடை, சிங்க், இரண்டு பெரிய கேஸ் அடுப்பு, ஓரமாக பிராய் (கரியில் இறைச்சி சுடுவது) போட ஓர் இடம் என்று கட்டப் போகிறோம். மூன்று பேர் விலை சொல்லியிருக்கிறார்கள். முதல் ஆள் 78,000 ரேண்ட், வாட்ஸ்அப்பில் ஒரே வரி. அடுத்தவர் இரண்டு பக்கம் எழுதி, வாட் வரி சேர்த்து 1,12,000. மூன்றாமவர் 1,05,000, அடியில் சின்ன எழுத்தில் ‘வாட் தனி’. முதல் ஆள் தெரிந்தவர் மகன், அவனிடமே கொடு என்கிறார் அம்மா. என்ன செய்யலாம்?

கடல்காற்று:
தம்பி, 15 சதவீத வாட் போட்டால் மூன்றாமவர் கணக்கு 1,20,750, மூவரில் அவர்தான் அதிகம். 78,000-இல் என்னென்ன அடங்கும் என்று எழுதி வாங்காமல் அது ஒரு விலையே இல்லை. முக்கியமாக கேஸ். அதைப் பதிவு பெற்ற கேஸ் ஆள்தான் பொருத்திச் சான்றிதழ் தர வேண்டும், விளக்குக்கும் பிளக்குக்கும் கரண்ட் சான்றிதழ் தனி. நாளைக்கு வீட்டை விற்கப் போனால் இரண்டையும் கேட்பார்கள், தீப்பிடித்தால் இன்சூரன்ஸ்காரர்களும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

மாமரத்தடி:
அக்கா சொல்வதைத்தான் நானும் சொல்வேன். இன்னொன்று, ஸ்டீல் என்று மட்டும் எழுதியிருந்தால் விடாதீர்கள், எந்த ரகம் என்று கேளுங்கள். அந்த உப்புக்காற்றில் 304 ரக ஸ்டீல் சீக்கிரமே பழுப்புக் கறை பிடிக்கும். 316 ரகத்தில் மாலிப்டினம் என்ற உலோகம் இருப்பதால் தாங்கும், ஆனால் விலை கூட, கொட்டேஷன்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கு அதுவாகவே இருக்கலாம். சிலிண்டர் ஜன்னல், கதவுக்கு ஒட்டி வரக்கூடாது, சாக்கடை மூடியிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும், ஏனென்றால் கசியும் கேஸ் காற்றைவிடக் கனம், பள்ளத்தில் போய்த் தேங்கும். கூரை போடுவதால் டர்பனின் எத்தெக்வினி முனிசிபாலிட்டியில் பிளான் அனுமதி வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், அந்தச் செலவு யார் தலையில் என்பதும் கொட்டேஷனில் வரட்டும்.

கரும்புக்காடு:
ரொம்ப நன்றி. அப்போ அளவோடு ஒரு படம் வரைந்து மூவருக்கும் அதையே அனுப்புகிறேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

கடல்காற்று:
அந்தப் பையனை ஒதுக்க வேண்டாம், அவனுக்கும் அதே படத்தைக் கொடுங்கள். எழுதித் தந்தால் நல்லது, அம்மாவுக்கும் மனக்குறை இருக்காது. யாரானாலும் பாதிப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள்: தளம் போட்டதும் கொஞ்சம், கூரை ஏறியதும் கொஞ்சம், கடைசிப் பங்கு இரண்டு சான்றிதழும் கைக்கு வந்த பிறகு.