'பேக்லாஷ்' என்பதற்குத் 'திருப்பத்தளர்வு': ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வீட்டிலேயே சிஎன்சி ரவுட்டர் (கணினியின் கட்டளைப்படி மரம் முதலியவற்றை வெட்டிச் செதுக்கும் இயந்திரம்) கட்டுவோருக்கான வழிகாட்டியில் 'பேக்லாஷ்' (அச்சு திசை மாறும்போது உறுப்புகளுக்கிடையே உள்ள சந்தால் நேரும் தளர்வு) என்பதற்குப் 'பின்னடைவு', 'பின்னடிப்பு', 'ஆட்டம்' ஆகிய மூன்று சொற்கள் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. முதலிரண்டையும் கைவிடலாம் என்பது என் கருத்து. 'பின்னடைவு' தேர்தல் செய்திகளில் ஊறிப்போன சொல். 'பின்னடிப்பு' என்றால் ஏதோ ஒன்று எதிர்த்திசையில் ஓங்கி அடிப்பதாகத் தோன்றும். இங்கே எதுவும் அடிப்பதில்லை. மோட்டார் திசை மாறிச் சுழல்கிறது, அச்சை நகர்த்தும் நீண்ட திருகான லீட் ஸ்க்ரூவும் உடன் சுழல்கிறது. ஆனால் ஸ்க்ரூவின் புரிக்கும் நட்டின் புரிக்கும் இடையே உள்ள சந்து அடைபடும்வரை, வெட்டுமுனையைச் சுழற்றும் ஸ்பிண்டில் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

'ஆட்டம்' பட்டறையில் வாழும் சொல் என்பதால் அதை எளிதில் ஒதுக்க மனம் வரவில்லை. எனினும் பேரிங் தேய்ந்தாலும், போல்ட் தளர்ந்தாலும், குறுக்குச்சட்டம் அதிர்ந்தாலும் 'ஆட்டம்' என்றே சொல்கிறோம். பேக்லாஷ் திசை மாறும்போது மட்டுமே வெளிப்படுவது. டயல் கேஜை (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவுகருவி) அச்சில் பொருத்தி, ஒரே திசையில் சிறிது நகர்த்திச் சந்தினை அடைத்தபின் முள்ளைச் சுழியத்தில் வைத்து, 1 மி.மீ. முன்னே செலுத்தினால் முள் சரியாக 1.00 காட்டும், அதே 1 மி.மீ. பின்னே வரச் சொன்னால் சுழியத்துக்கு வராமல், எடுத்துக்காட்டாக, 0.15-இல் நின்றுவிடும். ஒரு சுற்றுக்கு 200 படி எடுக்கும் மோட்டார், ஒவ்வொரு படியையும் பதினாறாகப் பிரிக்கும் நுண்படி, சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் ஸ்க்ரூ என்று கொண்டால் மி.மீ.க்கு 400 துடிப்புகள் (மோட்டாரை ஒவ்வொரு நுண்படியாக நகர்த்தும் மின்சைகைகள்) தேவை. அதன்படி 60 துடிப்புகள் சந்தினை அடைப்பதிலேயே செலவாகின்றன. வட்டம் வெட்டும்போது ஏதேனும் ஓர் அச்சு திசை மாறும் நான்கு இடங்களில் சிறு தட்டையோ படிக்கட்டு போன்ற தடமோ விழுவதும் இதனால்தான்.

சொல்லில் திசைமாற்றம் இடம்பெற வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குப் பழுது பார்க்கும்போது நேரும் குழப்பமே காரணம். அளவு தவறியதும் பலர் முதலில், மோட்டாரை இயக்கும் மின்சுற்றான டிரைவரின் மின்னோட்டத்தைக் கூட்டுகிறார்கள். மின்னோட்டம் போதாமல், அல்லது முடுக்கம் மிகுந்து, மோட்டார் படி தவறுவது வேறு பழுது: அந்தப் பிழை சேர்ந்துகொண்டே போகும், வேலை முடிந்து தொடக்கப்புள்ளிக்குத் திரும்பினாலும் அச்சு விலகியே நிற்கும். பேக்லாஷ் சேர்வதில்லை, அதே பக்கத்திலிருந்து அணுகினால் புள்ளி மிகச் சரியாகக் கிடைக்கும். ஆகவே ஒன்றுக்கு வயரிங்கையும் டிரைவரையும் பார்க்க வேண்டும், மற்றதற்கு நட்டைப் பார்க்க வேண்டும்.

எனவே 'திருப்பத்தளர்வு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். திரும்பும்போது தெரியும் தளர்வு என்று கேட்டவுடன் பொருள் விளங்குகிறது. 'திருப்பத்தளர்வை அளந்தேன்', 'திருப்பத்தளர்வால் வட்டம் கெட்டது' என வேற்றுமை உருபுகளும் தடையின்றி ஏறுகின்றன. 'புரித்தளர்வு' என்றும் ஒரு யோசனை எழலாம். ஆனால் ரேக்கும் பினியனும் (பற்சட்டமும் சிறு பற்சக்கரமும்) கொண்ட அச்சுகளில் இதே பழுது பற்களுக்கிடையே வருவதால் அது பொருந்தாது.

ஸ்ப்ரிங் வைத்து இரண்டு பாதிகளைத் தள்ளிப் பிடிக்கும் நட்டைத் 'தளர்வுநீக்கி நட்டு' எனலாம். மென்பொருள் கூடுதல் துடிப்புகளை அனுப்பிச் சரிக்கட்டுவதை மட்டும் 'நீக்கம்' என்று எழுத வேண்டாம், 'திருப்பத்தளர்வு ஈடு' என்போம். இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்களில் லினக்ஸ்சிஎன்சியின் அமைப்புக் கோப்பில் இதற்கான மதிப்பை எழுதலாம், ஜிஆர்பிஎல் 1.1-இல் அந்த வசதி இல்லை. வசதி இருந்தாலும் சந்து அங்கேயேதான் இருக்கிறது: வெட்டுமுனை தான் போகும் திசையிலேயே மரத்தைக் கவ்வி இழுக்கும் விதத்தில் வெட்டும்போது, அந்தச் சந்தின் அளவுக்கு அச்சு திடீரெனத் தாவக்கூடும்.

'ஈடு' என்பதற்குப் பதில் 'ஈடுசெய்தல்' என்று விரித்து எழுதுவதே நல்லது என்று கருதுவோர் தெரிவிக்கவும். அமைப்புத் திரையின் சிறு கட்டங்களில் அடங்க வேண்டும் என்பதற்காகவே சுருக்கினேன்.