டேட்டாகிரிட்வியூவில் நான் சேர்க்காத நெடுவரிசைகள் தோன்றுவது ஏன்?

கேள்வி

வணக்கம். சி ஷார்ப்பில் எழுதிய விண்டோஸ் ஃபார்ம்ஸ் செயலி ஒன்றில், பில் விவரங்களைக் காட்டுவதற்கு டேட்டாகிரிட்வியூ (தரவை அட்டவணையாகக் காட்டும் கருவி; சுருக்கமாக கிரிட்) வைத்திருக்கிறேன். பொருள், அளவு, விலை, தொகை என்ற நான்கு நெடுவரிசைகளையும் விஷுவல் ஸ்டுடியோவின் டிசைனரிலேயே சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் டேட்டா ப்ராப்பர்ட்டி நேமும் (அது காட்ட வேண்டிய புலத்தின் பெயர்) கொடுத்திருக்கிறேன். ஆனால் எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்திலிருந்து நிரப்பிய டேட்டாடேபிளை (நினைவகத்தில் வைக்கப்படும் தரவு அட்டவணை) கிரிட்டின் டேட்டாசோர்ஸாகக் (தரவு மூலமாகக்) கொடுத்தவுடன், வலப்புறத்தில் மேலும் மூன்று நெடுவரிசைகள் வந்துவிடுகின்றன. ஒன்று முதன்மைச் சாவி (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் எண்), இன்னொன்று ரோவெர்ஷன் (வரி திருத்தப்படும்போதெல்லாம் தானாக மாறும் மதிப்பு), மூன்றாவதன் தலைப்பில் ‘காலம்1’ (Column1) என்றிருக்கிறது. வர வேண்டிய தொகை அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது. நான் சேர்த்த தொகை நெடுவரிசை வெறுமையாக நிற்கிறது. ரோவெர்ஷன் பகுதி திரையில் தெரியும்போதெல்லாம் ஆர்க்யுமெண்ட் எக்ஸெப்ஷன் என்ற பிழைப்பெட்டி அடுத்தடுத்து எழுகிறது.

வரிசை எண்ணைக் கொண்டு அந்த மூன்றின் விசிபிள் பண்பையும் ஃபால்ஸ் ஆக்கினேன். ‘புதுப்பி’ பொத்தானை அழுத்தியதும் (அதில் டேட்டாசோர்ஸை நல் ஆக்கிவிட்டு மீண்டும் நிரப்புகிறேன்) அவை திரும்பிவிடுகின்றன. இதற்கு முறையான தீர்வு என்ன?

மறுமொழி 1

டேட்டாகிரிட்வியூவுக்கு ஆட்டோ ஜெனரேட் காலம்ஸ் என்றொரு பண்பு உண்டு. அதன் இயல்பு மதிப்பு ட்ரூ. டிசைனரின் பண்புச் சாளரத்தில் அது காட்டப்படுவதில்லை என்பதால், பல ஆண்டுகள் இக்கருவியைப் பயன்படுத்தியவர்கள்கூட அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அது ட்ரூவாக இருக்கும்வரை, டேட்டாடேபிளில் உள்ள ஒவ்வொரு புலத்தையும் கிரிட் பார்க்கிறது. டேட்டா ப்ராப்பர்ட்டி நேம் பொருந்தும் நெடுவரிசை ஏற்கெனவே இருந்தால் அதையே பயன்படுத்திக்கொள்கிறது, இல்லையென்றால் புதிதாக ஒன்றை உருவாக்குகிறது. உங்களுக்கு முதல் மூன்று நெடுவரிசைகள் சரியாக நிரம்பியதற்கும், மற்ற மூன்று கூடுதலாக வந்ததற்கும் காரணம் இதுதான்.

ஆகவே, இனிஷியலைஸ் காம்பொனன்ட் (டிசைனரில் அமைத்தவற்றை உருவாக்கும் செயல்கூறு) அழைப்புக்குப் பின்பும் டேட்டாசோர்ஸைக் கொடுப்பதற்கு முன்பும் அப்பண்பை நிரலில் ஃபால்ஸ் ஆக்குங்கள். முன்பின் வரிசை இங்கே முக்கியம். நெடுவரிசைகள் உருவான பிறகு பண்பை மாற்றினால், உருவானவை தாமாக நீங்குவதில்லை.

விசிபிள் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். டேட்டாசோர்ஸை நல் ஆக்கும்போது தானாக உருவான நெடுவரிசைகள் நீக்கப்படுகின்றன. மறுபடி நிரப்பும்போது பிறப்பவை புதியவை, அவற்றுக்கு நீங்கள் முன்பு மறைத்தது தெரியாது. மேலும், மறைக்கப்பட்ட நெடுவரிசை கிரிட்டின் காலம்ஸ் தொகுப்பில் இருந்துகொண்டேதான் இருக்கும். பின்னாளில் யாராவது அத்தொகுப்பைச் சுற்றிவந்து எக்ஸெல் கோப்பு எழுதினால், பயனர் பார்க்கக் கூடாத சாவி எண்களும் அதில் போய்ச் சேரும்.

பிழைப்பெட்டிக்குத் தனிக் காரணம் உண்டு. ரோவெர்ஷன் என்பது 8 பைட் கொண்ட மதிப்பு. டாட்நெட்டில் அது பைட் அரேயாக வருகிறது. பைட் அரேயைக் கண்டதும் கிரிட் அதைப் படமாகக் கருதி இமேஜ் காலம் ஒன்றை உருவாக்குகிறது; அந்த எட்டு பைட்டைப் படமாகத் திறக்க முடியாதபோது பிழை எழுகிறது. இத்தகைய பிழையின்போது கிரிட் எழுப்பும் டேட்டா எரர் நிகழ்வைப் பிடித்து வெறுமனே விழுங்கிவிடும்படி சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்யாதீர்கள், உண்மையான தரவுப் பிழைகளும் சேர்ந்து மறைந்துபோகும்.

கேட்டவர்

மிக்க நன்றி. கூடுதல் நெடுவரிசைகளும் பிழைப்பெட்டியும் நின்றுவிட்டன. தொகை மட்டும் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. மேலும், திரையில் தேவையில்லாத சாவி, ரோவெர்ஷன் ஆகிய இரண்டு புலங்களையும் செலக்ட் வாக்கியத்திலிருந்தே (தரவைக் கேட்கும் வினவலிலிருந்தே) எடுத்துவிடலாமா?

மறுமொழி 1

உங்கள் வினவலில் அளவையும் விலையையும் பெருக்கி, விடைக்குப் பெயர் கொடுக்காமல் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெயரில்லாத புலத்துக்கு டேட்டா அடாப்டர் (டேட்டாடேபிளை நிரப்பும் கருவி) தானே ‘காலம்1’ என்று பெயரிடும். அந்தப் பெருக்கலுக்குப் பின் ‘ஆஸ்’ போட்டு, தொகை நெடுவரிசையின் டேட்டா ப்ராப்பர்ட்டி நேமில் உள்ள அதே பெயரைக் கொடுங்கள். பெயர் பொருந்தாவிட்டால் கிரிட் எந்த எச்சரிக்கையும் தராமல் கலங்களை வெறுமையாக விடும். இறுதியில் ஒட்டிக்கொண்ட ஓர் இடைவெளிகூடப் போதும்.

அந்த இரண்டு புலங்களை எடுக்காதீர்கள். மாற்றங்களைத் திருப்பிச் சேமிக்க முதன்மைச் சாவி வேண்டும். சேமிப்புக் கட்டளைகளைத் தானாக எழுதித்தரும் எஸ்கியூஎல் கமாண்ட் பில்டர் அது இல்லாமல் அப்டேட் கட்டளையை உருவாக்காது. ஒரே வரியை இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் கண்டறிவதற்கு ரோவெர்ஷன் உதவும். டேட்டாடேபிளில் இருப்பதெல்லாம் திரையில் தெரிய வேண்டியதில்லை.

மறுமொழி 2

டேட்டாடேபிளுக்குப் பதிலாகத் தம் சொந்தக் கிளாஸின் பட்டியலை இணைப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. கிளாஸில் உள்ள பண்பின் மேல் சிஸ்டம் காம்பொனன்ட் மாடலின் பிரவுசபிள் என்ற அட்ரிப்யூட்டை ஃபால்ஸ் மதிப்புடன் இட்டால், தானாக உருவாகும் நெடுவரிசைகளில் அது வராது. ஆனால் அந்தக் கிளாஸைப் பயன்படுத்தும் எல்லா கிரிட்டுக்கும் அது பொருந்தும் என்பதால், ஒரு திரையில் மறைத்து இன்னொன்றில் காட்ட வேண்டுமென்றால் மேலே சொன்ன வழியே நல்லது.

விண்டோஸ் செயலிகளை எழுதும் இன்னொரு முறையான டபிள்யூபிஎஃப்பின் டேட்டாகிரிட்டிலும் ஆட்டோ ஜெனரேட் காலம்ஸ் என்ற அதே பெயரில் பண்பு உண்டு, இயல்பு மதிப்பும் ட்ரூதான். திரை அமைப்பை எழுதும் சாமலிலேயே (XAML) ஃபால்ஸ் என்று எழுதிவிடலாம். அங்கே ஆட்டோ ஜெனரேட்டிங் காலம் என்ற நிகழ்வும் இருப்பதால், பெரும்பாலான புலங்கள் வேண்டும், ஒன்றிரண்டு மட்டும் வேண்டாம் என்ற நிலையில், ப்ராப்பர்ட்டி நேமைப் பார்த்து கேன்சல் பண்பை ட்ரூ ஆக்கினால் அந்த நெடுவரிசை உருவாகவே செய்யாது.

கேட்டவர்

‘ஆஸ்’ சேர்த்ததும் தொகை சரியான இடத்தில் வந்துவிட்டது. சாவியையும் ரோவெர்ஷனையும் வினவலிலேயே வைத்துக்கொண்டேன். சேமிப்பும் சரியாக நடக்கிறது. இருவருக்கும் நன்றி.