புது ஃப்ளூ திரிபை மட்டும் மாடல் கோட்டை விடுகிறது

முகில்: எச்3என்2 ஃப்ளூ வைரஸின் மேற்பரப்பில் இருக்கும் எச்ஏ புரதத்தின் அமினோ அமில வரிசைகளை வைத்து, ஒரு திரிபு பழைய எதிர்ப்புச் சக்தியிடமிருந்து தப்புமா என்று கணிக்க ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் ஓட்டை எண்ணும் முறை) மாடல் ஒன்றைப் பழக்கினேன். சோதனையில் 100-க்கு 97 சரி. போன சீசன் வரிசையைக் கொடுத்தால் உளறுகிறது. இரண்டு ராத்திரி போச்சு. எங்கே தப்பு?

கடலை மிட்டாய்: பழக்க ஒரு பங்கு, சோதிக்க ஒரு பங்கு என்று தரவைக் குலுக்கிப் பிரித்தீர்களா? அதுதான் வினை. ஒரே சீசன் வைரஸ்கள் அண்ணன் தம்பி மாதிரி. தம்பியைப் பார்த்து அண்ணனைச் சொல்லிவிடும். 2018 வரை பழக்கி, 2019-இல் சோதியுங்கள்.

லேப் அக்கா: அப்புறம், புரத வரிசையில் எல்லா இடத்துக்கும் ஒரே எடை வேண்டாம். 1968 முதல் 2003 வரை எச்3என்2 பழைய எதிர்ப்புச் சக்திக்குப் பிடிபடாமல் மாறிய பெரிய தாவல்களுக்கு முக்கியக் காரணம் ஏழே இடங்கள்: 145, 155, 156, 158, 159, 189, 193. எண்ணும்போது சிக்னல் பெப்டைடை (புரதத்தின் தொடக்கத்தில் இருந்து, பிறகு வெட்டப்படும் துண்டு) கழித்தீர்களா?

முகில்: ஐயோ, இல்லை அக்கா. எல்லாமே 16 இடம் தள்ளிப் போயிருக்கிறது.